கஞ்சி பங்களா சம்பங்கி

ஜவளகிரியைத் தாண்டிக் காட்டுக்குள் நாலு மைல் போனால் ஓர் ஓட்டு வீடு இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் வேட்டைக்கு வந்து தங்கக் கட்டியது. துரை சீமைக்குப் போன பிறகு வௌவால் அடைந்து கிடந்த அந்த வீட்டை, பர்மா யுத்தத்திலிருந்து திரும்பிய டாக்டர் ஜேம்ஸ் குத்தகைக்கு எடுத்தார். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷம் அறுத்தும் தைத்தும் அலுத்துப்போனவர் அவர். ஊசியும் மாத்திரையும் வேண்டாம், பட்டினியும் பச்சைத் தண்ணீரும் ஈரமண்ணும் போதும் என்று ஒரு வைத்தியத்தை அங்கே ஆரம்பித்தார். பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வசதியுள்ளவர்கள் வந்து ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தங்கிவிட்டுப் போவார்கள். வாசலில் ‘வன ஆரோக்கிய நிலையம்’ என்று பலகை தொங்கியது. சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. உப்பில்லாத கேழ்வரகுக் கஞ்சி ஊற்றுகிற இடம் என்பதால் எல்லாருக்கும் அது கஞ்சி பங்களா.

அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவள் சம்பங்கி.

அவள் வேலை தேடி அங்கே வந்தவள் இல்லை. ஐம்பத்தோராம் வருஷம் சித்திரை வெயிலில், விறகுச் சுமையோடு பாதையோரம் விழுந்து கிடந்தவளை டாக்டரின் மாட்டுவண்டி தூக்கிக்கொண்டு வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாள். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். “தூங்கு. எந்திரிச்சா கஞ்சி குடி. மறுபடியும் தூங்கு” என்றார். மூன்று மாதம் அவள் அதைத்தான் செய்தாள். காலை வெயிலில் பாயைப் போட்டுப் படுத்தாள். மத்தியானம் ஓடையில் கழுத்தளவு உட்கார்ந்தாள். ஆடி பிறந்தபோது அவளால் இரண்டு குடம் தண்ணீர் சுமக்க முடிந்தது. அப்போது சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓசூருக்கு ஓடிப்போயிருந்தான். அவள் அடுப்படிக்குள் நுழைந்தாள், அப்படியே தங்கிவிட்டாள்.

உடம்பு தேறியது. ஆனால் அந்தக் காட்டு அமைதி இன்னொரு வேலையும் செய்தது. ஊரில் இருந்தவரை வயிற்றுப்பாட்டுக்கு ஓடுவதிலேயே பொழுது போய்விடும், எதையும் உட்கார்ந்து நினைக்க நேரம் இருக்காது. இங்கே ஆள் அரவம் கிடையாது. மூங்கில் உரசும், எங்கோ ஒரு மான் கத்தும், அவ்வளவுதான். பெங்களூர்க்காரர்கள் அந்த அமைதியில் தங்கள் கவலைகளை மறந்தார்கள். சம்பங்கி அதே அமைதியில் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

அவள் ஊர் சூளகிரிக்குத் தெற்கே காரதொட்டி. புருஷன் ஆஞ்சப்பன், ஊர் மணியக்காரர் சென்னகிருஷ்ணனிடம் வண்டி ஓட்டினான். மாட்டை அடிக்காமல் ஓட்டுகிறவன் என்று அவனுக்குப் பேர். நாற்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், ஆனேக்கல் சந்தைக்கு வைக்கோல் போர் ஏற்றிப் போகச் சொன்னார் மணியக்காரர். போரை அவருடைய ஆட்களே கட்டி வைத்திருந்தார்கள். ஆஞ்சப்பன் மாட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதோடு சரி. மைசூர் எல்லைச் சாவடியில் காட்டிலாகா ஆட்கள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து பதினேழு சந்தனக் கட்டைகள் வந்தன.

கோர்ட்டில் மணியக்காரர் கூண்டேறினார். “வண்டி என்னுது, மாடு என்னுது. கட்டை சங்கதி எனக்குத் தெரியாது. இவன் இப்புடித் திருடுவான்னு நான் கனவுலயும் நெனைக்கல” என்றார். ஆஞ்சப்பன் நடந்ததை நடந்தபடி சொன்னான். யாரும் நம்பவில்லை. ஒன்றரை வருஷம் போட்டார்கள். ஏழாம் மாதம் ஜெயிலில் ரத்தபேதி கண்டு செத்துப்போனான். ஒரு தபால் கார்டு வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துக் காட்டினார். அதற்குள் அங்கேயே புதைத்துவிட்டிருந்தார்கள்.

வழக்குக்கு முன்னால் சம்பங்கி மணியக்காரர் வீட்டு வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறாள். ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் போனாள். அவர் காதில் சிவப்புக்கல் கடுக்கன் மின்ன, எண்ணெய் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் மணையில் உட்கார்ந்திருந்தார். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “யார்றா அது நிழலாட்டம் நிக்கறது, கதவச் சாத்து” என்றார். கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் அவர் மனைவி வெங்கடம்மாள் ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினாள். சம்பங்கி அதைத் தொடவில்லை.

அதன் பிறகு ஊரில் அவள் கட்டைத் திருடன் பெண்டாட்டி ஆனாள். களையெடுப்புக்குக் கூப்பிடுவது நின்றது. கிணற்றடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்து வீட்டுச் சாந்தம்மா தன் குடத்தைத் தள்ளி வைப்பாள். இரண்டு வருஷம் அப்படி இருந்து பார்த்துவிட்டுத்தான் விறகு வெட்டிப் பிழைக்கலாம் என்று ஜவளகிரிப் பக்கம் வந்தாள்.

சந்தன வண்டி பிடிபட்டு எட்டு வருஷம் கழித்து, ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம், பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று பாதை முடிகிற இடத்தில் நின்றது. அங்கிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் ஒரு பெரியவரை. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கிய மகனிடம் தெலுங்கில் சிடுசிடுத்தார். அந்தக் குரலைக் கேட்டதும் சம்பங்கி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். காதில் அதே சிவப்புக்கல் கடுக்கன்.

கஞ்சி பங்களாவுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். கைக்கடிகாரம், பேப்பர், பேனா, செருப்பு, வெற்றிலைப் பெட்டி, காப்பித்தூள், பொடி, பீடி எதுவும் உள்ளே போகாது. வாங்கிப் பூட்டி வைப்பது சம்பங்கியின் பொறுப்பு. அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். இப்போது நிமிர்ந்து பார்ப்பார், தெரிந்துகொள்வார் என்று காத்திருந்தாள்.

அவர் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் போட்டார். பொடி டப்பியைப் போட்டார். வெற்றிலைப் பெட்டியைக் கொடுக்க மனமில்லாமல் ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். “கடுக்கனும் கழட்டணுமா?” என்றார்.

“அது சத்தம் போடாதுங்க. இருக்கட்டும்.”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவள் முகத்தை நேராகத்தான் பார்த்தார். யாரோ ஒரு வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை அது.

டாக்டர் சோதித்துவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டார். “சம்பங்கி, இவருக்கு இருதயம் களைச்சுப் போச்சு. ஒடம்புல தண்ணி நிக்குது. உப்பு இவருக்கு வெஷம் மாதிரி. ஒரு கல்லுகூடச் சேரக்கூடாது. சேந்தா தண்ணி நெஞ்சுக்கு ஏறும், அப்பறம் என் கையில இல்ல. ஆளு கொஞ்சம் முரடு. நீதான் பாத்துக்கணும்.”

“பாத்துக்கறனுங்க டாக்டரய்யா” என்றாள் சம்பங்கி.

பார்த்துக்கொண்டாள். அவர் படுக்கையைப் பிரித்து உதறியபோது தலையணை உறைக்குள்ளிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் விழுந்தது. அவர் கண் எதிரிலேயே அதைக் கொண்டுபோய்ப் பன்றிகள் மேய்கிற பள்ளத்தில் கொட்டினாள். வேட்டி மடிப்பில் பொடி வைத்திருந்தார். துவைக்க வாங்கும்போது அதையும் எடுத்தாள். பட்டினி நாட்களில் மற்ற நோயாளிகளுக்குத் தேன் கலந்த தண்ணீர் அரை டம்ளர் கூடுதலாக ஊற்றுவாள், அவருக்குச் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. தொட்டிக் குளியலுக்குத் தண்ணீரை விடியலிலேயே மொண்டு வைக்கச் சொல்வாள். தை மாதக் குளிர் ஏறிய அந்தத் தண்ணீரில் அவர் பல் கிட்டிக்க உட்கார்ந்திருப்பார். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் தலை மட்டும் தெரியும். அவள் கேழ்வரகு மாவைக் கரைத்துக்கொண்டே பார்ப்பாள்.

ஒரு வாரத்தில் மணியக்காரர் இறங்கி வந்தார்.

“ஏ புள்ள, மாட்டுக்குத் தவுடு வெச்சாகூட உப்புப் போட்டு வெப்பாங்க. நான் மாட்டுக்கும் கேடா?”

“டாக்டரய்யா உத்தரவுங்க.”

“ஒரு கல்லு. ஒரே ஒரு கல்லு குடு. நாக்குல வெச்சுக்கிட்டுப் படுத்துக்கறேன்.”

“முடியாதுங்க.”

காரதொட்டியில் நின்ற இடத்திலிருந்து கையசைத்தால் பத்து ஆள் ஓடிவருகிற மனிதர், ஒரு கல் உப்புக்காக அவள் எதிரில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அன்றைக்குப் பாத்திரம் விளக்கும்போது சம்பங்கி பாட்டு முணுமுணுத்தாள். கூட வேலை செய்த ராஜாத்தி அதிசயமாகப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

இருபத்தொன்றாம் நாள் அந்தச் சந்தோஷம் போயிற்று.

மணியக்காரர் காலையில் தானாக எழுந்து ஓடை வரை நடந்து போய்த் திரும்பினார். கால் வீக்கம் வடிந்து, பாதத்தில் எலும்பும் நரம்பும் தெரிந்தன. முகம் தெளிந்திருந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்று, “சம்பங்கி, நேத்து விடிய விடியத் தூங்கினேன். அஞ்சு வருஷமாச்சு இப்புடித் தூங்கி. என்னப் பெத்தவ இருந்தாக்கூட இவ்வளவு கண்டிப்பா இருந்திருக்க மாட்டா. நீ நல்லாருக்கணும்” என்றார்.

டாக்டரும் வந்தார். “இன்னும் பத்து வருஷம் தாராளமா இருப்பாரு. பாதி என் வைத்தியம், பாதி நீ” என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சம்பங்கி சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடைக்குப் போனாள். பாறைமேல் உட்கார்ந்தாள். அவள் நெஞ்சில் இருந்த அத்தனை விஷமும் அந்த ஆளுக்கு மருந்தாகப் போயிருக்கிறது. எவ்வளவுக்கெவ்வளவு வெறுத்தாளோ அவ்வளவுக்கவ்வளவு கண்டிப்பாக இருந்தாள், கண்டிப்பாக இருக்க இருக்க அவர் தேறிவிட்டார். ஆஞ்சப்பனுக்கு முப்பத்தொரு வயசு. ஜெயிலில் அவனுக்கு ஒரு வாய் மோர் கொடுக்க ஆள் இல்லை. அவனை அனுப்பி வைத்தவருக்குத் தன் கையாலேயே பத்து வருஷத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறாள். தண்ணீரில் முகம் கழுவினாள். கழுவக் கழுவ முகம் எரிந்தது.

மறுநாள் அவருடைய கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். கண் விரிந்தது. அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் சின்னப்பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டுச் சட்டியை வழித்துக் குடித்தார். அதற்கடுத்த நாள் உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு. அப்புறம் மாங்காய் ஊறுகாய். ஜவளகிரியிலிருந்து விறகு கொண்டுவருகிறவளிடம் சொல்லி வாங்கினாள். சாப்பாட்டுக்குப் பிறகு நாவல் மரத்தடியில் ஈரமண்ணை வயிற்றில் பத்துப் போட்டுப் படுத்திருப்பார். அங்கே கொண்டுபோய் இலையில் மடித்துக் கொடுப்பாள். அவர் சப்புக்கொட்டித் தின்பார். “நீதான் என் குலதெய்வம்” என்பார். அவள் எதிரில் நின்று அவர் கடைசிச் சாறு வரை நக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஐந்தாம் நாள் கணுக்கால் மறைந்தது. எட்டாம் நாள் முழங்கால் வரை வீங்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூங்கில் சாய்மானம் கேட்டார். டாக்டர் ஜேம்ஸ் குழம்பிப்போனார். தண்ணீரைக் குறைத்தார், மண் பத்தை மாற்றினார், மூட்டை கட்டி வைத்திருந்த பழைய வைத்தியப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினார். “எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் சம்பங்கி. நல்லா வந்துட்டிருந்த மனுசன். என் வைத்தியமே தப்போ என்னமோ” என்றார். அவர் முகத்தைப் பார்க்கச் சம்பங்கிக்குக் கஷ்டமாக இருந்தது. செத்துக் கிடந்தவளைத் தூக்கி வந்தவர். இருந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஊறுகாயை இன்னும் கொஞ்சம் பெரிய துண்டாகவே எடுத்து வைத்தாள்.

அன்றைக்கு மரத்தடியில் மணியக்காரர் ஊறுகாயைக் கடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“உனக்கு எந்த ஊரு?”

“காரதொட்டிங்க.”

“அட, எங்க ஊரா? இத்தன நாளா சொல்லலியே. யாரு பொஞ்சாதி நீ?”

“ஆஞ்சப்பன் பொஞ்சாதிங்க.”

அவர் மேலே பார்த்து யோசித்தார். “எந்த ஆஞ்சப்பன்?”

இந்த நாளை அவள் எட்டு வருஷமாக மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அவர் கோபப்பட்டால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது, பொய் சொன்னால் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். எந்த ஆஞ்சப்பன் என்று கேட்பார் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“உங்க வண்டி ஓட்டுன ஆஞ்சப்பன்” என்றாள். “வைக்கப்போருக்குள்ள பதினேழு கட்ட இருந்துச்சு. நீங்க வெச்சது. கோர்ட்ல தெரியாதுன்னீங்க. அதுக்கு முந்தி நான் உங்க வாசல்ல ஒரு நாளு பூரா நின்னேன்.”

“ஓ, அவனா” என்றார் மணியக்காரர். “வயித்தால போயிச் செத்தானே, அவன்…”

பேச்சு அங்கே நின்றது. மெல்வதும் நின்றது. கையிலிருந்த ஊறுகாயைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு அவளை, அன்றைக்குத்தான் முதன்முதலாக, யாரென்று தெரிந்து பார்த்தார். இலை கையிலிருந்து நழுவியது.

“எனக்கு என்ன குடுத்த?”

அவள் குனிந்து கீழே விழுந்த இலையை எடுத்தாள்.

“மருந்து வெச்சுட்டியா?”

அவள் வைத்தது உப்பு மட்டும்தான். சோற்றில் மருந்து வைத்து ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள், வைத்த கைதான் அதை எடுக்கவும் முடியும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள். மணியக்காரரும் நம்பினார் என்பது அவர் வியர்த்த வியர்வையில் தெரிந்தது. சம்பங்கிக்கு இது புதுசாகக் கிடைத்த ஆயுதம். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“மாரியம்மன் கோயில் முன்னால, ஊரு கூட்டி, கட்டை யாரோடதுன்னு சொல்லுங்க. மத்தத அப்பறமாப் பேசிக்கலாம்” என்றாள்.

“நான் டாக்டர்கிட்டச் சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க. மருந்து எனக்குத்தான எடுக்கத் தெரியும்.”

அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் திருட்டு ஊறுகாயில் தொடங்கிச் சந்தனக்கட்டை வரை எல்லாம் வெளியே வரும். இரண்டு நாள் அவள் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடாமல் கிடந்தார். ஓடைத் தண்ணீரைத் தானே மொண்டு குடித்தார். உப்பு உள்ளே போகாததால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அவள்தான் மருந்தின் பிடியைத் தளர்த்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகப் பயந்தார். ராஜாத்தி கஞ்சி கொண்டுபோனாலும், “யாரு காச்சுனது?” என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார். கண் குழிவிழுந்தது. நாலு நோயாளிகளோடு உட்கார்ந்திருக்கும்போது கூட அவர் பார்வை அடுப்படிப் பக்கமே இருந்தது. சம்பங்கி வாசலில் வந்து நின்றால் போதும், பேச்சை நிறுத்திவிடுவார். அவள் வேண்டுமென்றே அடிக்கடி வந்து நின்றாள்.

மூன்றாம் நாள் மகனுக்கு ஆள் விட்டார். ஜீப் வந்தது. “ஊர்ல ஒரு வேண்டுதல் இருக்குது. இந்தப் பொம்பளையும் வரணும்” என்றார். மகன் பெருமாளுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சம்பங்கி ஜீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தளி, ஓசூர், சூளகிரி என்று வழி நெடுகப் புழுதி.

வெள்ளிக்கிழமை என்பதால் கோயிலில் ஏற்கெனவே கூட்டம் இருந்தது. மணியக்காரர் வந்திருக்கிறார் என்றதும் இன்னும் கூடியது. பெருமாளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். சம்பங்கி வேப்பமரத்தருகே நின்றாள். அவள் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது.

“எட்டு வருசத்துக்கு முந்தி ஆனேக்கல் போன வண்டியில இருந்த கட்டை என்னுது” என்றார் மணியக்காரர். குரல் கம்மியிருந்தது. “நான்தான் வெக்கச் சொன்னேன். ஆஞ்சப்பனுக்குத் தெரியாது. கோர்ட்ல நான் சொன்னது பொய்யி.”

பெருமாள் அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். சம்பங்கி காத்திருந்தாள். யாராவது அடப்பாவி என்று சொல்வார்கள், யாராவது மண்ணை வாரித் தூற்றுவார்கள், பெண்கள் வாயில் அடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தாள்.

முன்வரிசையில் குந்தியிருந்த நாராயணப்பன் என்கிற கிழவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “அது தெரிஞ்ச சங்கதிதானுங்களே. போர் கட்டுனதுல என் தம்பியும் ஒருத்தன். இப்ப எதுக்கு அதெல்லாம். ஒடம்பப் பாத்துக்குங்க.”

ரெண்டு பேர் ஆமோதித்தார்கள். பூசாரி தீபாராதனைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டம் அதன் பக்கம் திரும்பியது.

சாந்தம்மா மட்டும் சம்பங்கியிடம் வந்து கையைப் பிடித்தாள். “எங்களுக்கு அப்பவே தெரியுண்டி. அவன் அப்புடிப்பட்டவன் இல்லன்னு ஊருக்கே தெரியும்.”

“தெரிஞ்சுதான் கொடத்தத் தள்ளி வெச்சியா?” என்றாள் சம்பங்கி.

சம்பங்கி கையை விடுவித்துக்கொண்டாள். எட்டு வருஷமாக ஒரே ஓர் ஆளைக் குறிவைத்து வளர்த்த கோபம் அது. இப்போது அது போய் உட்கார ஓர் ஊரே எதிரில் நின்றது. விபூதி வாங்க நீட்டிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவன் போர் கட்டியவனின் அண்ணன். இவள் களைக்குக் கூப்பிடாமல் விட்டவள். அத்தனை பேருக்கும் ஒருத்தியால் எவ்வளவு உப்பு வைக்க முடியும்.

மணியக்காரர் அவள் அருகில் வந்து, யாரும் கேட்காதபடி, “சொல்லிட்டேன் தாயி. மருந்த எடுத்துடு” என்றார்.

“நான் மருந்தே வெக்கலிங்க. உப்புத்தான். நீங்க கேட்ட உப்பு.”

“தாயி, ஒனக்கு என்ன வேணும்னாலும் செய்யறேன்.”

“உப்புத்தானுங்க. அம்மன் சத்தியமா.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் மூன்றாம் தடவையும் சொன்னாள். அவர் நம்பவில்லை. வேண்டுமென்றே எடுக்க மறுக்கிறாள் என்றுதான் நினைத்தார். அது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு சம்பங்கி நாலாவது தடவை சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் பெரிய ரோட்டுக்கு நடந்து ஓசூர் பஸ்ஸில் ஏறினாள்.

கஞ்சி பங்களாவுக்கு வந்ததும் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். வைத்தியம் தப்பில்லை, உப்புத்தான் காரணம் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னாள். டாக்டர் ஜேம்ஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என் கூரைக்கு அடியில, என் கஞ்சிச் சட்டியில” என்றார். “தப்புத்தான்னு உனக்குத் தோணுதா?”

“தப்புத்தானுங்க.”

“மனசு வருத்தமா இருக்குதா?”

“உங்களுக்காகத்தான் வருத்தமா இருக்குதுங்க. அந்த ஆளு திரும்பி வந்தா திரும்பவும் குடுப்பேன்.”

அவர் அவளை வெளியே அனுப்பவில்லை. ஆனால் அடுப்படிச் சாவியை வாங்கி ராஜாத்தியிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு சம்பங்கி அந்த அடுப்படி வாசற்படியை மிதிக்கவில்லை. தோட்டம் அவள் பொறுப்பானது. கீரையும் அவரையும் பூசணியும் போட்டாள், யானை வராமல் வேலி கட்டினாள். டாக்டர் முன்போல அவளோடு சிரித்துப் பேசுவதில்லை. ஆனாலும் தன் கஞ்சியை அவள் நட்ட கீரையோடு சேர்த்துத்தான் குடித்தார். அவள் அதைக் கவனித்தாள்.

மணியக்காரரைப் பற்றிய செய்தி அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. மருந்து எடுக்கிறவர்களைத் தேடி ஆனேக்கல் போனார், மாலூர் போனார், கோலார் பக்கம் ஒரு பக்கிரியிடம் போனார். அவர்கள் வாந்தியெடுக்க வைத்து மயிர்ச்சுருள் என்றும் கரிக்கட்டை என்றும் எதையோ காட்டினார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது என்றார். வெங்கடம்மாள் முதலில் ஒரு வாய் தின்று காட்டினால்தான் சோற்றைத் தொட்டார். பிறகு அவளையும் நம்பாமல் தானே பொங்கித் தின்றார். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார மாட்டார். மணியம் மகன் கைக்குப் போயிற்று. எதிரில் பெண்பிள்ளை யாராவது விறகுக்கட்டோடு வந்தால் சந்துக்குள் ஒதுங்கிக்கொள்வாராம்.

இதைக் கேட்கும்போதெல்லாம் சம்பங்கி செய்கிற வேலையை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்பாள். சொன்னவர் விட்டுவிட்டதைத் திருப்பிக் கேட்பாள். என்ன தின்கிறார், எப்படித் தூங்குகிறார், உடம்பு எவ்வளவு இளைத்திருக்கிறது என்று விசாரிப்பாள். காரதொட்டி ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் வந்து அவளைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் முகம் கொடுக்க மாட்டாள். சாந்தம்மா ஒரு தடவை ஜவளகிரி வரை வந்துவிட்டு, பார்க்காமலேயே திரும்பிப் போனாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், காட்டிலாகாக் காவலாளி யேசுராஜ் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினார். சம்பங்கி அவரைச் செடிப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்க ஊரு பழைய மணியக்காரரு போயிட்டாரும்மா. செவ்வாக்கெழம. ராவுல படுத்தவரு காலையில எந்திரிக்கல.”

சம்பங்கி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். விரலை மடக்கிப் பார்த்தாள்.

“மூணு வருசந்தானா?” என்றாள். “டாக்டரய்யா பத்து வருசம்னாரே.”

யேசுராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். ஊர்க்காரர் என்ற பாசத்தில் மனசு உடைந்துவிட்டாள் என்று நினைத்தார். “வெசனப்படாதம்மா. கஷ்டப்படாமத்தான் போனாராம்” என்று ஆறுதல் சொன்னார்.

“அதத்தான் சொல்றேன். இன்னும் ஏழு வருசம் பட வேண்டியது பாக்கி இருந்துச்சு” என்றாள் சம்பங்கி.

அவருக்கு அது விளங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இன்னும் நாலு பாத்தி பாக்கி இருந்தது. மண் காய்வதற்குள் அணைத்தாக வேண்டும் என்று அவள் குனிந்தாள்.